ஒரு கண்மாய்ப் படமும் அதன் ஐந்து திருத்தங்களும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் கிடைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை வழி முழுக்கக் கூடவே வரும். அந்த ரோட்டை விட்டு உள்ளே, மம்சாபுரம் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நின்று நான் எடுத்த படம் ஒன்றின் ரா ஃபைலை ஐந்து நண்பர்களிடம் கொடுத்து, "உங்க இஷ்டத்துக்குத் திருத்திக் குடுங்க"ன்னு சொன்னேன். வேறு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. வந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தோன்றியவைதான் இந்தக் குறிப்பு.

படத்தில் என்ன இருக்குன்னு முதலில் சொல்லிடுறேன். ஜனவரி கடைசி, தை பாதி. காலை 7.25. கேமரா நேர் மேற்கே பார்க்கிறது. முன்னால் கரையின் புல்லும் மண்ணும். வலது ஓரத்தில் என் நிழல், தலை மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி நீளமாக விழுந்திருக்கிறது. அடுத்து அரைக் கண்மாய்த் தண்ணீர். தண்ணீரின் அந்தப் பக்கம் இடது மூலையில் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. அதற்கு அப்பால் மேல்கண்மாயின் பாசனத்தில் இருக்கிற நெல் வயல். பாதி விளைந்து மஞ்சளாக நிற்கிறது, பாதி அறுத்து வெறும் தாளாக இருக்கிறது. ஒரு கரண்ட் கம்பம், தலை போன ஒரு மொட்டைப் பனை, தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் மொட்டையான ஒரு கரடு, கடைசியில் மலை. மலையின் அடிவாரத்தில் வெள்ளையாக மூட்டம். வானம் வெளிர் நீலம், மேகம் ஒன்றுகூட இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சப்பென்ற படம்தான். அதனால்தான் அதைக் கொடுத்தேன். நல்ல படத்தில் கை வைக்க ஆட்கள் யோசிப்பார்கள்.

திரும்பி வந்தவை இவை. ஒருவர் வயலைப் பச்சையாக்கி, மூட்டத்தைத் துடைத்து, மலையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இன்னொருவர் வானத்தையே மாற்றி இரண்டு மலைக்கு நடுவே சூரியனை வைத்திருந்தார். மூன்றாமவர் 'சுத்தம்' செய்திருந்தார்: கருவேலம், கம்பம், மொட்டைப் பனை, என் நிழல் எல்லாம் காணோம். நான்காமவர் மேலும் கீழும் பெரிதாக வெட்டிக் கருப்பு வெள்ளை ஆக்கியிருந்தார். ஐந்தாமவர் "நான் ஒண்ணுமே பண்ணலை, வொயிட் பேலன்ஸ் மட்டும்தான்" என்று அனுப்பியிருந்தார்; அவர் கதை கடைசியில்.

வீட்டுக்கு வந்தவர்கள், டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேரிடம் ஐந்தையும் காட்டி, "எதுல ரொம்ப மாத்தியிருக்கு?"ன்னு கேட்டேன். கருப்பு வெள்ளை, இல்லாட்டி சூரியன் வைத்தது. இந்த இரண்டைத்தான் எல்லாரும் காட்டினார்கள். சுத்தம் செய்த படத்தை ஒருவரும் காட்டவில்லை. பச்சை வயலை "இதான்யா நம்ம ஊரு" என்றார்கள். என் வரிசை இதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிர். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஒரு நிலக்காட்சிப் படத்தை அந்த ஊர்க்காரர் பார்த்தால் கேட்காமலேயே நாலு விஷயம் புரிந்துகொள்வார். எந்தத் திசை, எந்த நேரம், எந்த மாசம், எவ்வளவு தூரம். என் படத்தில் நாலுக்கும் பதில் இருக்கிறது. இந்த ஊர்களில் மலை என்றாலே மேற்கு. தண்ணீர் மலையிலிருந்து கிழக்கே இறங்குவதால் கண்மாய்க்கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் மலையையும் பார்க்கிறோம் என்று அர்த்தம். நிழல் ஆள் உயரத்தைப் போல அஞ்சாறு மடங்கு நீண்டு மலையை நோக்கி விழுந்திருக்கிறது. அப்படியானால் சூரியன் முதுகுக்குப் பின்னால், உதித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நிழல் கொஞ்சம் வலது பக்கம், அதாவது வடக்கே சாய்ந்திருக்கிறது. சூரியன் இன்னும் தெற்கே இருக்கிற மாசம். வயல் மஞ்சள், பாதி அறுப்பு முடிந்துவிட்டது. தை மாசமேதான். தூரத்தை மூட்டம் சொல்லும்.

திருத்தம் என்றாலே பொய் என்று சொல்கிற கட்சி இல்லை நான். திருத்தாத படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான்: திருத்தி முடித்த பிறகும் இந்த நாலு கேள்விக்கும் படம் பதில் சொல்லுதா? சொன்ன பதில் சரியா?

பச்சை வயல் படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். லைட்ரூமில் நிறத்துக்கு ஒன்றாக ஸ்லைடர்கள் உண்டு. மஞ்சளின் ஹியூ ஸ்லைடரை வலது பக்கம் தள்ளினால் படத்தில் உள்ள மஞ்சள் எல்லாம் பச்சையை நோக்கி நகரும். ஐந்து வினாடி வேலை. நண்பர் அதைத்தான் செய்திருக்கிறார், சாச்சுரேஷனையும் கொஞ்சம் ஏற்றி. பார்க்க ஜில்லென்று இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து வினாடியில் நடந்தது என்ன? அறுப்புக்குத் தயாராக நிற்கிற வயல், நட்டு ஒன்றரை மாசம் ஆன வயலாகிவிட்டது. விவசாயிக்கு இது இரண்டும் ஒன்றா? ஒன்றில் கையில் காசு வரப்போகிறது. இன்னொன்றில் உரத்துக்குக் கடன் கேட்டு அலைகிற நேரம். பொங்கல் கழிந்த வயல் ஐப்பசி கார்த்திகை வயலாக மாறிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் இருந்த அறுத்த தாளும் மஞ்சள்தானே, அதுவும் பச்சையாகிவிட்டது. நெல் அறுத்த வயலில் புல்தரை வந்த மாதிரி இருக்கிறது. அறுத்ததற்கும் அறுக்காததற்கும் நடுவே ஒரு கோடு ஓடும் பாருங்கள், அறுவடை மெஷின் திரும்பிய இடம் அது. என் கண்ணுக்கு மொத்தப் படத்திலும் அழகான கோடு அதுதான். அது கரைந்து போச்சு.

'கிராமம் என்றால் பச்சை' என்பது எங்கிருந்து வந்த எண்ணம் என்று தெரியாமல் இல்லை. காலண்டரிலும் சினிமாவிலும் பார்த்துப் பழகியது. விருதுநகர் மாவட்டம் மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனையும்போது இங்கே முகட்டில் மேகம் தொங்கும், காத்தடிக்கும், அடிவாரத்தில் கொஞ்சம் சாரல் விழும், அவ்வளவுதான். கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். இங்கே பச்சை வருஷத்தில் சில மாசம் மட்டும் வந்துபோகிற நிறம். இந்த மண்ணின் நிரந்தர நிறங்கள் மஞ்சளும் பழுப்பும்.

அதே படத்தில் மூட்டத்தைத் துடைத்ததுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயம். கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

தூரத்து மலை ஏன் நீலமாக, வெளிறித் தெரியுது? மலைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற காற்றும் வெயிலில் மின்னுகிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். நடுவில் காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு நீலம் மலையின் மேல் வந்து படியும், மலையின் சொந்தக் கருமையும் அவ்வளவு குறையும். தை மாசக் காலையில் இதோடு அடிவாரத்து ஈரமும் சேர்ந்துகொள்ளும். நீர்த்துளிகள் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். அதனால்தான் அடியில் வெள்ளை, மேலே நீலம். கரடு பக்கத்தில் இருப்பதால் பழுப்பாகவே தெரிகிறது. அதற்குப் பின்னால் உள்ள வரி சாம்பல் நீலம். கடைசி முகடு வானத்தோடு கலந்துவிடுகிற நீலம். மூன்று நிறம், மூன்று தூரம்.

இந்த மூட்டத்தைக் கணக்குப் போட்டு நீக்க முடியும் என்று 2009-ல் கைமிங் ஹே என்பவரும் அவரோடு இருவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அடிப்படை ரொம்ப எளிமை. மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டு எந்தச் சின்னத் துண்டை எடுத்தாலும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்றில் ஏதாவது ஒரு புள்ளியாவது கிட்டத்தட்டக் கருப்பாக இருக்கும். நிழலோ, இலையோ, கல்லிடுக்கோ ஏதாவது ஒன்று அந்தக் கருப்பைக் கொடுத்துவிடும். அப்படி இல்லாமல் அந்தத் துண்டு வெளிறியிருந்தால், வெளிறிய அளவுதான் மூட்டத்தின் அளவு. அதைக் கழித்தால் தெளிவான படம் கிடைக்கும். லைட்ரூமில் டீஹேஸ் என்ற ஸ்லைடர் 2015-ல் வந்தது. அதன் பிறகு மலைப் படம் எடுக்கிற எல்லார் கையும் முதலில் போவது அங்கேதான்.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் வேறு. மூட்டத்தின் அளவைக் கணக்கிட்டால் அதிலிருந்தே எது பக்கம், எது தூரம் என்ற ஒரு வரைபடமும் கிடைத்துவிடுகிறது. தூரம் முழுக்க அந்த மூட்டத்துக்குள்தான் பதிவாகியிருக்கிறது. அதைத் துடைத்தால் தூரமும் சேர்ந்து துடைந்துபோகும். நண்பரின் படத்தில் கரடும் மலையும் ஒட்டிக்கொண்டன. பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற முகடு தென்னந்தோப்பின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் தூசியெல்லாம் கழுவிப்போய் மலை நிஜமாகவே அப்படித் தெரியும், பாறைப் பிளவுகளை எண்ணலாம் போல. ஆக ஸ்லைடரைத் தள்ளியவர் மாசத்தையும் தள்ளிவிட்டார். பச்சை வயலும் கழுவின மலையும் சேர்ந்து ஐப்பசிக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும், அந்த அளவுக்கு அவர் பொய் ஒழுங்கான பொய்.

மூட்டத்தைத் துடைக்கிற ஆசை பெரிய இடங்களையும் விட்டதில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, பிரதமர் வானிலிருந்து பார்வையிடுகிற படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது நினைவிருக்கலாம். ஜன்னல் வழியே தெரிந்த மங்கலான காட்சியை எடுத்துவிட்டு, தண்ணீர் சூழ்ந்த கட்டிடங்கள் பளிச்சென்று தெரிகிற வேறொரு காட்சியை ஜன்னலுக்குள் ஒட்டியிருந்தார்கள். ஊரே சிரித்த பிறகு படம் எடுக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்துவிட்டதாக விளக்கம் வந்தது. மங்கலான அசல் படத்தில்தான் உயரமும் மழைக்காலக் காற்றும் இருந்தன. ஒட்டுப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே போஸ்டர் ஒட்டிய மாதிரி இருந்தது.

அடுத்து சூரியன் வைத்த நண்பர். ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் வரைந்த படம்தான் இது: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு, ஒரு தென்னை. அதைச் சூரிய உதயம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ராஜபாளையத்துப் பிள்ளைக்கு அது சாயங்காலம்! மலைக்கு அந்தப் பக்கம் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்கள் வேண்டுமானால் இந்த மலைமேல் உதயம் பார்க்கலாம். சரி, அஸ்தமனம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிழல் என்னை நோக்கி வரணும். படத்தில் என் நிழல் சூரியனை நோக்கிப் போகிறது. மலையின் நம்ம பக்கம் இருட்டாக இருக்கணும். காலை வெயிலில் கரட்டின் பாறை பளபளக்கிறது. மேலே ஆரஞ்சு வானம், கீழே கண்மாய்த் தண்ணீரில் வெளிர் நீலம். எதிரொலிப்பதற்குத் தண்ணீர் மறந்துவிட்டது. வானம் மாற்றுகிற மென்பொருள்கள் 2019, 2020 வாக்கில் பரவலாக வந்தன; இப்போது தண்ணீரில் பிம்பத்தைக்கூட அவையே போட்டுத் தருகின்றன. ஆனால் நெல்மணியின் எந்தப் பக்கம் வெயில் பட்டது என்பதை அவை மாற்றுவதில்லை.

வானத்தை மாற்றுவது மென்பொருள் காலத்து வியாதி என்று நினைத்தால் தப்பு. நம்ம பக்கத்திலேயே 167 வருஷத்துக்கு மேல் பழைய உதாரணம் இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரைக் கோயில், நாயக்கர் மஹால், வைகை எல்லாம் அவர் கேமராவில் பதிவானது 1858 ஜனவரி, பிப்ரவரியில். என் கண்மாய்ப் படத்தின் அதே தை மாசம்.

அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீல ஒளி மட்டும்தான் பளிச்சென்று தெரியும். பச்சையும் சிவப்பும் சரியாகப் பதியாது. கோபுரத்துக்குத் தேவையான அளவு வெளிச்சம் கொடுத்தால் நீல வானம் வெந்துபோய் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். மரங்கள் கரிக்கட்டையாக இருக்கும். டிரைப் என்ன செய்தார்? மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவின் மேல் நேரடியாக வண்ணம் பூசினார். பூசிய இடம் வெளிச்சத்தைத் தடுக்கும், அச்சில் அங்கே வெளுப்பு வரும். இப்படி வெறும் வானத்தில் மேகம் வரைந்தார், கரிக்கட்டை மரத்துக்கு இலை வெளிச்சம் கொடுத்தார். ஆவணப்படுத்த அரசாங்கம் அனுப்பிய ஆள் செய்த வேலை இது! (1859-ல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று மொத்தத் திட்டத்தையும் நிறுத்தினார். அது வேறு கதை.)

டிரைப்பை விட்டுவிட்டு நண்பரை மட்டும் திட்டுவது நியாயமா? எனக்கு வித்தியாசம் தெரிகிறது. கேமராவால் பார்க்க முடியாமல் போன ஒன்றை டிரைப் கையால் ஈடுகட்டினார். அன்றைக்கு இருந்த மேகம் அதே வடிவத்தில் இருந்திருக்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயில் கோபுரத்தின் எந்தப் பக்கம் பட்டதோ அங்கேயேதான் இருக்கிறது. மேகம் அதோடு சண்டை போடவில்லை. நண்பரின் கேமரா வானத்தைச் சரியாகவே பார்த்தது. அவருக்குத்தான் அந்த வானம் போதவில்லை.

அதே ஆள் மலையையும் மேல்நோக்கி இழுத்து உயர்த்தியிருக்கிறார். இதில் எனக்கு அவர் மேல் இரக்கம் உண்டு. இந்தக் கரையிலிருந்து கையை நீட்டி விரலைக் கிடையாக வைத்து அளந்தால் மலை மூன்று விரல் உயரம்தான். ஆனால் நேரில் நிற்கும்போது மலை அப்படியா தோன்றுகிறது? பாதி வானத்தை அடைத்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று ஆகிவிடும். அவர் தன் ஞாபகத்தின் அளவுக்கு மலையை இழுத்திருக்கிறார். அதற்கு நேர்வழி, மேலும் கீழும் உள்ள வெற்று இடத்தை வெட்டுவது, இல்லாவிட்டால் நீளமான லென்ஸ் போடுவது. அப்போது மலையோடு தென்னையும் சேர்ந்து பெரிதாகும், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் கெடாது. மலையை மட்டும் இழுத்தால் முகட்டின் கோடு மாறிவிடும். இங்கே பிறந்தவர்களுக்கு அந்தக் கோடு சொந்தக்காரர் முகம் மாதிரி. "இது எந்த மலைங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அதற்கு மேல் விமர்சனம் எதற்கு.

இப்போது சுத்தம் செய்த படம். வேலை அவ்வளவு நேர்த்தி. நிறம் மாறவில்லை, மூட்டம் அப்படியே இருக்கிறது, வெயில் சரி. கருவேலம் இருந்த இடத்தில் தண்ணீர் வந்து, அதில் மலையின் பிம்பம்கூட விழுகிறது. அசலைப் பார்க்காதவர் கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்தில் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இதன் மேல்தான்.

அந்தக் கண்மாயின் பாசன விவசாயிகள் சிலர், கருவேலத்தை அகற்றித் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்க இருந்தார்கள். மனுவோடு வைக்க ஒரு படம் கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு நண்பர் நல்லெண்ணத்தில் இந்தச் சுத்தமான படத்தை அனுப்பிவிட்டார். "நல்லா இருக்குங்க, ஆனா இதைக் கொண்டு போய் குடுத்தா, கண்மாய் நல்லாத்தான இருக்குன்னு சொல்லிடுவாங்களே"ன்னு அவர் எனக்கு போன் போட்டார். மனுவோடு போனது அசல்தான்.

சீமைக்கருவேலம் படத்தை அசிங்கப்படுத்துகிறது, வாஸ்தவம். கண்மாயில் தண்ணீர் பிடிக்கிற பரப்பை அது தின்றுகொண்டே வருகிறது என்பதும் வாஸ்தவம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போன மரம் அது. 2017-ல் அதை அகற்றச் சொல்லி வந்த உத்தரவுகளும், பிறகு அவை நிறுத்திவைக்கப்பட்டதும் செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும். மொட்டைப் பனையும் சும்மா நிற்கவில்லை. கரண்ட் கம்பம் இருந்தால் அங்கே ஒரு பம்ப் செட் இருக்கு, கண்மாய்த் தண்ணீர் மட்டும் போதவில்லை என்று அர்த்தம். நாலு கேள்விக்கும் இந்தப் படம் சரியான பதில் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திசை, நேரம், மாசம், தூரம் எல்லாம் சரி. ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: எந்த வருஷம்? கருவேலம் இல்லாத அந்தக் கண்மாய் என் அப்பா காலத்துக் கண்மாய்.

உலகப் பத்திரிகைப் படப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவில் 2010-ல் நடந்தது இதற்குப் பொருந்தும். ஸ்டெபன் ரூடிக் என்பவர் தெருச்சண்டைப் படங்களுக்குப் பரிசு வாங்கினார். அதில் ஒரு படத்தை அவர் கடுமையாக வெட்டி, கருப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கி, அசலோடு சம்பந்தமே இல்லாத மாதிரி ஆக்கியிருந்தார். அதற்கெல்லாம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைக்குக் கட்டுப் போடுகிற இடத்துக்குப் பின்னால் தெரிந்த ஒரு ஆளின் காலின் சின்னத் துணுக்கை அழித்திருந்தார். அதற்காகப் பரிசு ரத்து. இதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள், இவ்வளவு மாத்தினதுக்கு ஒண்ணும் இல்லை, ஒரு துண்டு காலுக்குப் போய் பரிசைப் பிடுங்குவாங்களா என்று. எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. வெட்டினது பார்க்கிறவருக்குத் தெரியும், கருப்பு வெள்ளையும் தெரியும். அழித்தது தெரியாது.

அதனால்தான் நான்காவது படம், எல்லாரும் 'ரொம்ப மாத்தினது' என்று காட்டிய கருப்பு வெள்ளைப் படம், என் வரிசையில் முதலில் நிற்கிறது. ரா ஃபைலைக் கருப்பு வெள்ளையாக்கும்போது எந்த நிறம் எவ்வளவு வெளுக்கணும் என்று நாமே முடிவு செய்யலாம். சிவப்பை ஏற்றினால் மூட்டம் குறையும், நீலத்தை ஏற்றினால் கூடும். சாதாரணமாக எல்லாரும் சிவப்பைத்தான் ஏற்றுவார்கள், வானம் கறுத்து 'கெத்தாக' வரும் என்று. இவர் நீலத்தை ஏற்றியிருக்கிறார். மூட்டம் கூடி, கரடு, நடு வரி, முகடு மூன்றும் காகிதத்தில் கத்தரித்து ஒன்றின் பின் ஒன்றாக வைத்த மாதிரி பிரிந்து நிற்கின்றன. மஞ்சளைத் தனியாக ஏற்றியதில் விளைந்த நெல் வெளுத்து, தாள் சாம்பலாகி, மெஷின் திரும்பிய அந்தக் கோடு படத்தின் நடுவில் ஓடுகிறது. கருவேலம் கருப்புத் திட்டாக இருக்கிறது, முன்னைவிட மோசமாகவே தெரிகிறது. வானத்தின் முக்கால்வாசியை வெட்டிவிட்டார். அங்கே ஒன்றும் இல்லையே.

குறையும் உண்டு. நீலத்தை ஏற்றியதால் வானத்தில் மணல் தூவிய மாதிரி நாய்ஸ் வந்திருக்கிறது. ஓரங்களை இருட்டாக்கியிருக்க வேண்டாம், அது பழைய பழக்கம். இடது ஓரத்தில் தென்னையைப் பாதியில் வெட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

இருட்டாக்குவது என்றதும் ஆன்செல் ஆடம்ஸ் நினைவுக்கு வராமல் போகாது. நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர், கல்லறைச் சிலுவைகள், மேலே நிலா. 1941-ல் எடுத்த அந்தப் படத்தை நாற்பது வருஷம் மறுபடி மறுபடி அச்சிட்டார். ஆரம்ப அச்சுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். வருஷம் போகப் போக வானம் கறுத்து, கடைசியில் நிலாவுக்கு மேல் வெறும் கருப்பு. 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்துக் கெட்டிப்படுத்தவும் செய்தார். அவ்வளவு திருத்தம். எடுத்த தேதியை அவர் குறித்துவைக்கவில்லை. 1991-ல் டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் எழுத்தாளர், நிலா இருந்த இடத்தையும் மலைக்கோட்டையும் வைத்தே கணக்குப் போட்டு, அது நவம்பர் 1 மாலை 4.49 என்று சொன்னார். நாற்பது வருஷத் திருத்தத்துக்குப் பிறகும் அந்தப் படம் தன் மணியை மறக்கவில்லை. நண்பர் வைத்த ஆரஞ்சு சூரியனை வைத்து யாராவது கணக்குப் போட்டால் என்ன வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

"ஒண்ணுமே பண்ணலை" என்ற ஐந்தாமவர் படம்: வொயிட் பேலன்ஸ் அருமை. கேமரா தானாகக் கழித்துவிட்டிருந்த காலை மஞ்சளைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார், ஒரு துளி அதிகமில்லாமல். எல்லாம் சரிதான், ஆனால் ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. ரெண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது: படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் திருப்பிவிட்டார். "கருவேலம் இடது பக்கம் இருந்தா கண்ணு அங்கயே முட்டி நின்னுடுது, வலது பக்கம் போனா பார்வை ஓடுது" என்றார். ஓடுதுதான். ஆனால் ராஜபாளையம் வடக்கேயும் ஸ்ரீவில்லிபுத்தூர் தெற்கேயும் போய்விட்டதே!

கூட வந்த பையன் அதே இடத்தில், அதே நிமிஷத்தில் போனில் ஒரு படம் எடுத்தான். யாரும் திருத்தாத படம். எடுத்துப் பார்த்தால் வயல் லேசாகப் பச்சை, மூட்டம் பாதி, என் நிழல் வெளிறியிருக்கிறது. பட்டனை ஒருமுறை அழுத்தினால் போன் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலை வெளுத்து, நிறத்தை ஏற்றித்தான் கையில் கொடுக்கிறது. அவனுக்கு அதுதான் ஒரிஜினல். முதல் நண்பர் அரை மணி நேரம் உட்கார்ந்து செய்ததில் பாதியை அந்தப் போன் கண் சிமிட்டுற நேரத்தில் செய்துவிட்டது, அவனைக் கேட்காமலேயே.

இனிமேல் யாருக்கு ரா ஃபைல் கொடுத்தாலும் கூடவே ஒரு வரி எழுதி அனுப்புவது என்று வைத்திருக்கிறேன்: மேற்குப் பார்த்து, காலை 7.25, தை, பாதி அறுப்பு. அந்த வரியோடு ஐந்து பேரிடமும் மறுபடி கேட்டேன். இதுவரை இரண்டு பேர் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். கருவேலம் திரும்ப வந்துவிட்டது. சூரியன் மட்டும் இன்னும் மலை மேலேயே இருக்கு, கொஞ்சம் சின்னதாக.